பார்க்கிங் டைரக்டரை ஏன் யாருக்கும் பிடிக்காது?

கலிஃபோர்னியாவில பெர்க்லி பல்கலைக்கழகம் இருக்கு இல்லையா, அங்க கேம்பஸுக்குள்ள சில பார்க்கிங் இடங்கள்ல ஒரு போர்டு வெச்சிருப்பாங்க. 'என்எல்' பெர்மிட் இருக்கறவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கும். என்எல்னா நோபல் லாரியேட். அங்க வேலை பார்க்கும்போது உங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சா, ஸ்டாக்ஹோம் போய் மெடல் வாங்கிட்டு வரலாம், கூடவே வண்டி நிறுத்த உங்களுக்குன்னு ஒரு இடமும் கிடைக்கும். 2020-ல கிரிஸ்பர் ஆராய்ச்சிக்காக வேதியியல் நோபல் வாங்கின ஜெனிஃபர் டௌட்னா அங்கதான் பேராசிரியர். கூட வேலை பார்க்கிறவங்க மெடலைப் பார்த்துப் பொறாமைப்படுவாங்களா, அந்த இடத்தைப் பார்த்தான்னு சொல்றது கஷ்டம்.

1950-கள்ல அதே பெர்க்லிக்குத் தலைவரா இருந்தவர் கிளார்க் கெர். பிறகு மொத்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் தலைவர் ஆனார். அவர் அடிச்ச ஒரு ஜோக் இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு பல்கலைக்கழகத் தலைவருக்கு மூணே மூணு பிரச்சினைதான்: மாணவர்களுக்கு செக்ஸ், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு, பேராசிரியர்களுக்கு பார்க்கிங். முதல் ரெண்டும் இப்ப எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. மூணாவது அப்படியே இருக்கு.

இன்னைக்கு இந்த எபிசோட்ல நாம பேசப் போறது அந்த மூணாவது பிரச்சினையைத் தலையில வெச்சுக்கிட்டு வேலை பார்க்கிற ஆளைப் பத்தி. அமெரிக்காவில பெரிய கேம்பஸ்கள்ல 'பார்க்கிங் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சர்வீசஸ்'னு ஒரு துறை இருக்கும். அதுக்கு ஒரு டைரக்டர் இருப்பார். வாட்ச்மேன் விசில் ஊதி 'சார், ரிவர்ஸ் வாங்க'ன்னு சொல்ற அளவு வேலைன்னு நினைச்சுடாதீங்க. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் தினமும் வந்து போற ஒரு இடத்துக்கு அவர்தான் போக்குவரத்து மந்திரி மாதிரி. பெர்மிட் விக்கணும், ஃபைன் போடணும், அந்த ஃபைன் அநியாயம்னு வர்ற அப்பீலைக் கேட்கணும். பல மாடி பார்க்கிங் கட்டடங்களைப் பராமரிக்கணும். ஷட்டில் பஸ் ஓட்டணும். சைக்கிள் ஸ்டாண்ட், ஸ்கூட்டர், மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள், பனி கொட்டினா காலையில அதை அள்ளறது, எல்லாம் அங்கதான் வந்து சேரும். கேம்பஸோட சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரி இருந்தா, நோயாளியோட வர்ற குடும்பம் எங்க வண்டியை விடும்கிறதும் அவர் கவலைதான்.

இதுக்கு மேல மேட்ச். மிஷிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்துல 107,601 பேர் உட்காரலாம். நம்ம சேப்பாக்கத்தை மாதிரி ரெண்டரை மடங்குக்கும் மேல. சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்னா அந்தக் கூட்டம் ஆன் ஆர்பர்ங்கிற ஒரு சின்ன ஊருக்குள்ள இறங்குது. பல்கலைக்கழகத்தோட கோல்ஃப் மைதானத்தையே அன்னைக்குக் கார் நிறுத்தத் திறந்து விட்டுடுவாங்க. அந்தப் புல்லைப் பார்த்துக்கிறவர் மனநிலையை நீங்களே நினைச்சுக்கோங்க.

சரி, இதுல என்ன அவ்வளவு கஷ்டம்? நிறைய இடம் கட்டினா தீர்ந்துடுமேன்னு தோணும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கார் நிக்கிற இடம், அது உள்ள வர்றதுக்கும் திரும்புறதுக்கும் வேண்டிய பாதை எல்லாம் சேர்த்தா 300 சதுர அடிக்கு மேல போகும். சென்னையில அந்த அளவுல ஒரு குடும்பமே குடியிருக்கும். தரையில நிறுத்தினா நிலம் போச்சு. மாடி மாடியா கட்டினா பணம் போச்சு. பல மாடி பார்க்கிங்ல ஒரு காருக்கு 30,000 டாலர் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அமெரிக்கக் கணக்குல இது ஒண்ணும் அதிகம் இல்ல. அதை 4 சதவீத வட்டிக்கு 30 வருஷக் கடனா வாங்கினா, மாசத் தவணை மட்டும் சுமார் 143 டாலர். இதுல லைட், லிஃப்ட், பெயின்ட், காவல் எதுவும் சேரல.

இதுல ஒரு சூட்சுமம் வேற இருக்கு. 1,000 கார் நிக்கிற கட்டடத்தை எங்க கட்டுவீங்க? பெரும்பாலும் ஏற்கெனவே 300 கார் நின்னுக்கிட்டு இருந்த மைதானத்து மேலதான். அப்ப உண்மையிலேயே புதுசா கிடைச்சது 700 இடம். செலவை 700-ஆல வகுத்தா ஒரு இடம் கிட்டத்தட்ட 43,000 டாலர் ஆயிடுது. இந்த மாதிரி கணக்கை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தவர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற யூசிஎல்ஏ-வில நகரத் திட்டமிடல் பேராசிரியர். 2025 பிப்ரவரியில இறந்துட்டார். இலவச பார்க்கிங்னு ஒண்ணு கிடையாது, யாரோ ஒருத்தர் அதுக்குப் பணம் கட்டிக்கிட்டுதான் இருக்காங்கன்னு வாழ்நாள் பூரா சொன்னவர். அதைப் பத்தி 2005-ல 700 பக்கத்துக்கு மேல ஒரு புத்தகமே எழுதினார். பார்க்கிங்குக்கு அவ்வளவு பக்கமான்னு சிரிச்சவங்க, பிறகு அவரோட ரசிகர்களா மாறி 'ஷூப்பிஸ்டா'ன்னு தங்களுக்கே பேர் வெச்சுக்கிட்டாங்க.

இப்ப டைரக்டரோட நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. கேம்பஸுக்கு வர்றவங்க எல்லாரும் ஒரே நேரத்துல வர்றாங்க. காலை எட்டு மணிக்கு இடம் இருக்கும், பத்து மணிக்கு இருக்காது. ஆனா எல்லாரும் எல்லா நாளும் வர்றதில்ல. சிலருக்கு செவ்வாய், வியாழன் மட்டும் கிளாஸ். சிலர் லீவு. அதனால இருக்கிற இடத்தைவிட அதிகமா பெர்மிட் விக்கிறாங்க. ஏர்லைன்ஸ் சீட்டை அதிகமா விக்கிற மாதிரி. இது திருட்டுத்தனம் இல்ல. எல்லாருக்கும் ஒரு இடத்தை ஒதுக்கி வெச்சா பாதி நாள் அது காலியா கிடக்கும். ஆனா நூத்துக்கணக்குல டாலர் கட்டி பெர்மிட் வாங்கினவர், பத்து மணிக்கு மூணு சுத்து சுத்தி இடம் கிடைக்காம கிளாஸுக்கு லேட்டா போறப்ப இந்தப் புள்ளிவிவரம் எல்லாம் அவருக்கு வேண்டாம். அமெரிக்க கேம்பஸ்கள்ல பார்க்கிங் பெர்மிட்டை 'வேட்டை லைசென்ஸ்'னு கிண்டல் பண்ணுவாங்க. காட்டுக்குள்ள போகலாம், மான் கிடைக்கும்னு யாரும் வாக்கு கொடுக்கல.

உண்மையில அவர் விக்கிறது இடம்கூட இல்ல, நடை. கிளாஸ் வாசல்ல யார் இறங்கலாம், யார் பதினைஞ்சு நிமிஷம் நடக்கணும், யார் ஊருக்கு வெளிய வண்டியை விட்டுட்டு பஸ் பிடிக்கணும், இதை முடிவு பண்றதுதான் அந்த வேலை. பெர்மிட்ல ஏ, பி, சின்னு எழுத்து மாறுறது எல்லாம் இதுக்குத்தான்.

சரி, எனக்கு இந்த விஷயத்துல பெரிய ஆர்வம் வந்ததே இங்கதான். இந்தத் துறைக்குப் பணம் எங்கிருந்து வருது? பல அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பார்க்கிங் துறை தன் கால்ல தானே நிக்கணும். கலிஃபோர்னியாவில அரசு நிதியை அதுக்குத் தொட முடியாது. பெர்மிட், மீட்டர், ஃபைன், இதுல வர்ற காசுலதான் சம்பளம், கட்டடக் கடன், பல இடங்கள்ல ஷட்டில் பஸ்கூட. இப்ப யோசிங்க. பல்கலைக்கழகம் அவர்கிட்ட ரெண்டு உத்தரவு போடுது. கேம்பஸுக்கு வர்ற கார்களைக் குறை. துறையை நஷ்டமில்லாம நடத்து. கார் குறைஞ்சா பெர்மிட் குறையும். பெர்மிட் குறைஞ்சா பஸ்ஸுக்குப் பணம் இல்ல. பஸ்ஸை நிறுத்தினா எல்லாரும் திரும்ப காரை எடுப்பாங்க. ஒரு டாஸ்மாக் மேனேஜர்கிட்ட மதுவிலக்குப் பிரசாரத்தையும் சேர்த்து ஒப்படைச்ச மாதிரி.

2020-ல கொரோனா வந்தப்ப இது அப்பட்டமா தெரிஞ்சது. கேம்பஸ் எல்லாம் காலி. பெர்மிட் காசைத் திருப்பிக் கேட்டாங்க. சூழலுக்கு அது பொற்காலம், ஒரு கார் கிடையாது! ஆனா கட்டடத்துக்கு வாங்கின கடன் தவணை மாசா மாசம் வந்து நின்னுச்சு.

இந்தத் தலைவலியே வேண்டாம்னு முடிவு பண்ண ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. ஒஹாயோ ஸ்டேட். 2012-ல தன்னோட பார்க்கிங் தொழிலை மொத்தமா 50 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டுடுச்சு. கைக்கு வந்த பணம் 483 மில்லியன் டாலர். எடுத்தது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனம். அந்தப் பணத்தை முதலீடு செஞ்சு, வர்ற வருமானத்தைப் பேராசிரியர்கள், ஸ்காலர்ஷிப், கேம்பஸ் பஸ்னு பிரிச்சாங்க. கெட்டிக்காரத்தனமான டீல்னு நிறைய பேர் பாராட்டினாங்க. எனக்கு அதுல ஒரு உறுத்தல் இருக்கு. பார்க்கிங்கை வெறும் வருமானமா பார்த்தா அது நல்ல விலை. ஆனா பார்க்கிங்தான் ஒரு பல்கலைக்கழகம் தன் மக்களோட பயணத்தை மாத்த கையில வெச்சிருக்கிற லீவர். விலையை ஏத்தலாம், இறக்கலாம், ஒரு லாட்டை மூடிட்டு மரம் நடலாம். அதை 2062 வரைக்கும் லாபத்துக்கு நடத்துற ஒருத்தர் கையில கொடுத்துட்டா, கார் குறையறதுல அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? அந்தக் குத்தகை முடியற வருஷம் காலேஜ் சேரப் போற பிள்ளை இன்னும் பொறக்கவே இல்ல.

வேற வழியில போனவங்களும் இருக்காங்க. யூசிஎல்ஏ 2000-ல ஒரு பரிசோதனை பண்ணுச்சு. சான்ட்டா மோனிக்கா நகரத்தோட பஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, மாணவரோ ஊழியரோ யாரா இருந்தாலும் ஐ.டி. கார்டைத் தேய்ச்சுட்டு இலவசமா ஏறலாம்னு சொல்லிட்டாங்க. பல்கலைக்கழகம் மொத்தமா பஸ் கம்பெனிக்குப் பணம் கட்டிடும். ஷூப்பும் அவரோட சகாக்களும் முதல் வருஷத்தை அளந்தாங்க. கேம்பஸுக்கு வர பஸ்ல ஏறினவங்க 56 சதவீதம் கூடியிருந்தாங்க. தனியா கார்ல வர்றது 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. யோசிச்சா நியாயம்தான். பஸ் ஏற்கெனவே ஓடிக்கிட்டுதான் இருக்கு, பாதி சீட் காலியா. அந்தக் காலி சீட்டை நிரப்புற செலவு, புதுசா ஒரு மாடி கான்கிரீட் ஊத்துறதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல.

ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தது வெளியிலிருந்து அழுத்தம். புதுக் கட்டடங்கள் கட்டணும்னா, பீக் அவர்ல கேம்பஸுக்கு வர்ற வண்டிகள் எண்ணிக்கை கூடக்கூடாதுன்னு 2000-ல சான்ட்டா கிளாரா கவுன்ட்டி நிபந்தனை போட்டுடுச்சு. அதாவது லேப் கட்டுங்க, ஹாஸ்டல் கட்டுங்க, ஆனா ரோட்டுல நெரிசல் ஏறக்கூடாது. என்ன பண்ணினாங்கன்னா, பெர்மிட் வாங்காதவங்களுக்கு அவங்களே காசு கொடுத்தாங்க! காரை விட்டுட்டு வர்றதுக்குப் பணம். 2002-ல ஊழியர்கள்ல 72 சதவீதம் பேர் தனியா கார் ஓட்டிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தாங்க. அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷத்துல அது ஏறக்குறைய பாதிப் பேர்னு ஆயிடுச்சு. அங்க ஓடுற இலவச ஷட்டிலுக்குப் பேர் மார்கரீட். யாரோ பணம் கொடுத்த கோடீஸ்வரரோட மனைவின்னு நினைச்சேன். இல்லையாம், 19-ம் நூற்றாண்டுல அந்த வழியில ஆட்களை வண்டியில இழுத்துக்கிட்டு வந்த ஒரு குதிரை.

இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு. ஆனா இங்க ஒரு கேள்வியை நாம தாண்டிப் போயிடக்கூடாது. விலையை ஏத்தினா யார் முதல்ல வெளிய போவாங்க? பேராசிரியர் முணுமுணுத்துக்கிட்டே கட்டிடுவார். கேம்பஸைக் கூட்டிப் பெருக்குறவங்க, கேன்ட்டீன்ல வேலை பார்க்கிறவங்க, ஆஸ்பத்திரி நைட் ஷிஃப்ட் உதவியாளர், இவங்கதான் அடிபடுவாங்க. இவங்க வீடு தூரத்துல இருக்கும், ஏன்னா பக்கத்துல வாடகை கட்டுப்படியாகாது. இவங்க ஷிஃப்ட் விடியற்காலை தொடங்கும், அப்ப பஸ் இருக்காது. 'கார் வேண்டாம், பஸ்ல வாங்க'ங்கிற போஸ்டர் காலை ஒன்பது மணி ஆளுக்காக அடிச்சது. நாலரை மணி ஆள் அதுல இல்லவே இல்ல.

இந்த இடத்துல நார்த் கரோலினாவில இருக்கிற சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தைப் பார்க்கணும். ஒரே ஊர்ல கிட்டத்தட்ட எல்லா முயற்சியும் நடந்திருக்கு. 2002 ஜனவரியில இருந்து அந்த ஊர் பஸ்ல டிக்கெட்டே கிடையாது. பல்கலைக்கழகமும், சாப்பல் ஹில், கார்பரோங்கிற ரெண்டு ஊர்களும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துக்கிறாங்க. மாணவர் மட்டுமில்ல, யார் வேணும்னாலும் ஏறலாம். நம்ம ஊர்ல பெண்களுக்கு நகரப் பேருந்து இலவசம் ஆனப்ப என்ன மாறுச்சுன்னு பார்த்தவங்களுக்கு இதைப் பெருசா விளக்க வேண்டாம். முதல் வருஷ மாணவர்களுக்கு கேம்பஸ்ல கார் நிறுத்த அனுமதி இல்ல. ஊழியர்களுக்கு பெர்மிட் விலை சம்பளத்தைப் பொறுத்து மாறும். ஒரே மாதிரி இடம், சம்பளம் கூட இருக்கறவர் கூடக் கட்டணும்.

ஒரே இடத்துக்கு ரெண்டு விலையான்னு கேட்கலாம். எனக்கு இது சரின்னுதான் படுது. மேனேஜருக்கு அது ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு, கூட்டுறவங்களுக்கு அது அந்த மாசத்து கரன்ட் பில். ஆனாலும் அங்கயும் சிக்கல் தீரல. 2019-ல ராத்திரி நிறுத்துறதுக்கும் பெர்மிட் வேணும்னு கொண்டு வந்தாங்க. அதுவரைக்கும் அஞ்சு மணிக்கு மேல இலவசமா நிறுத்திக்கிட்டிருந்த இடங்களுக்கும் பெர்மிட் வந்துச்சு. டைரக்டர் பக்கம் நியாயம் இருக்கு. லைட்டும் காவலும் ராத்திரியிலதான் அதிகம் வேணும், பகல்ல வர்றவங்களே எதுக்கு எல்லாத்தையும் கட்டணும்? ராத்திரி வேலைக்கு வர்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு. எங்களுக்கு பஸ்ஸே இல்லாத நேரத்துல வரச் சொல்லிட்டு, நிறுத்துறதுக்கும் காசான்னு கேட்டா என்ன பதில் சொல்றது?

அந்த மாநிலத்துல ஃபைன் விஷயமும் வேடிக்கையா இருக்கும். எல்லாரும் என்ன நினைப்போம்? துறைக்குக் காசு வேணும், அதனாலதான் ஓடி ஓடி ஃபைன் போடுறாங்கன்னு. நார்த் கரோலினாவில 2005-ல மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. மாநில அரசியலமைப்புப்படி இந்த அபராதத்துல வசூல் செலவு போக மிச்சம் அரசுப் பள்ளிகளுக்குப் போய்ச் சேரணும்னு. பல்கலைக்கழக பார்க்கிங் ஃபைனும் அதுல அடக்கம். ஃபைன்ல சம்பாதிக்கிற ஆசையை வேரோட எடுத்த மாதிரி. என்னைக் கேட்டா எல்லா ஊர்லயும் இது இருக்கணும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தோட ஆங்கரேஜ் கேம்பஸ்ல இன்னொரு வழி வெச்சிருக்காங்க. சில ஃபைனைப் பீனட் பட்டர், ஜாம் பாட்டிலாக் கொடுத்துக் கட்டலாம். பசியோட இருக்கிற மாணவர்களுக்கு அது போகும். பார்க்கிங் ஆபீஸ் பேர் ஊர்ல நல்லபடியா அடிபட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது.

ஒரு கேம்பஸ்ல இந்த வேலையை மாணவர்களே கையில எடுத்துக்கிட்டாங்க. கலிஃபோர்னியாவில டேவிஸ். 1968-ல மாணவர் சங்கம் லண்டன்ல ஓடி ஓய்ஞ்ச ரெண்டு பழைய டபுள் டெக்கர் பஸ்ஸை வாங்கி ஓட்ட ஆரம்பிச்சது. அதுதான் யூனிட்ரான்ஸ். இன்னைக்கும் ஓடுது, அந்த ஊருக்கே அதுதான் பஸ் சர்வீஸ். ஸ்டியரிங் பிடிக்கிறது பெரும்பாலும் மாணவர்கள். காலையில கெமிஸ்ட்ரி லேப், சாயங்காலம் டபுள் டெக்கர் டிரைவர். அமெரிக்காவிலேயே முதல்ல சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டது இதே ஊர், 1967-ல. பஸ்ஸை ஓட்டுறவனும் அதுல ஏறுறவனும் ஒரே கிளாஸ்ல உட்கார்ந்திருந்தா, பஸ் லேட்டானதுக்கு யாரைத் திட்டறதுன்னு கொஞ்சம் யோசிப்போம், இல்லையா?

பார்க்கிங் டைரக்டர்மேல வர்ற கோபத்துல பாதி தப்பான விலாசத்துக்குப் போகுதுன்னு எனக்குத் தோணுது. லாட் இருந்த இடத்துல புது லேப் கட்டலாம்னு முடிவு பண்ற மீட்டிங்ல அவர் இருக்கமாட்டார். எல்லா கிளாஸையும் காலை பத்து மணிக்கு வைக்கிறது அவர் இல்ல. கேம்பஸ் பக்கத்துல வாடகை ஏறினதும் அவரால இல்ல. எல்லா முடிவும் எடுத்து முடிச்ச பிறகு மிச்சம் இருக்கிற இடத்துக்கு ஸ்டிக்கர் அடிச்சு விக்கச் சொல்றாங்க. ஆனா ஒரு விஷயத்தை அவர்கிட்ட கேட்க நமக்கு உரிமை இருக்கு. பெர்மிட் காசு எவ்வளவு கடனுக்குப் போகுது, எவ்வளவு பஸ்ஸுக்குப் போகுது, எத்தனை இடத்துக்கு எத்தனை பெர்மிட் வித்திருக்காங்க? இதை வெப்சைட்ல யாருக்கும் புரியற மாதிரி ஒரே பக்கத்துல போட்டாலே திட்டு பாதி குறையும்.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கறவங்கள்ல சிலர் அடுத்த ஆகஸ்ட்டுக்கு எம்.எஸ். பண்ண அங்க கிளம்பப் போறீங்க. போன உடனே நாலு பேர் சேர்ந்து பழைய காரை வாங்கலாம்னு சீனியர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு ஓடும். வாங்கறதுக்கு முன்னாடி ஃபீஸ் ரசீதைப் பிரிச்சுப் பாருங்க. நிறைய இடத்துல போக்குவரத்துக்குன்னு ஒரு தொகையை ஏற்கெனவே உங்ககிட்ட வாங்கியிருப்பாங்க. அப்படின்னா அந்த ஊர் பஸ்ஸுக்கு நீங்க முன்பணம் கட்டியாச்சு. வீடு பார்க்கும்போது வாடகையோட பஸ் ரூட்டையும், ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் கேளுங்க. லேப்ல நடுராத்திரி வரைக்கும் உட்காரப் போற ஆள்னா, ராத்திரியில கூப்பிட்டா வந்து ஏத்திக்கிட்டுப் போற வண்டி உங்க கேம்பஸ்ல இருக்கான்னும் விசாரிங்க. பல கேம்பஸ்ல இருக்கு, பார்க்கிங் ஆபீஸ்தான் அதையும் நடத்தும். அப்புறமும் கார் வேணும்னா வாங்குங்க, பத்து மணிக்கு முன்னாடி போய்ச் சேருங்க.